கிறீன் பே அணியின் மறுமலர்ச்சி

வென்று கொண்டிருக்கும் ஒரு குழுவைப் பாராட்டுதல் எளிது. தோல்வி மேல் தோல்வி கண்டு, தன் மீதே நம்பிக்கை இழந்துவிட்ட ஒரு குழுவை மீண்டும் நிமிர்த்தி நிறுத்துதல் அரிது. அவ்வாறு நிமிர்த்துவதற்கு வேண்டியது யாது? பணமா, புதிய ஆட்களா, நல்ல காலமா, அன்றி ஒரு தலைவனின் ஆற்றலா? விளையாட்டுக் கழகங்களுக்கு மட்டுமன்றி, நலிவுற்ற பாடசாலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பொருந்தும் வினா இது. இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கிறீன் பே என்னும் சிறு நகரத்து உதைபந்தாட்ட அணியின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

விஸ்கொன்சின் மாநிலத்தின் வடகிழக்கிலே, மிச்சிகன் ஏரியின் ஒரு கிளைக் குடாவில் பொக்ஸ் ஆறு வந்து கலக்கும் இடத்தில் அமைந்தது கிறீன் பே. கடதாசி ஆலைகளும் இறைச்சி பதனிடும் நிலையங்களும் நிறைந்த உழைப்பாளர் நகரம். குளிர்காலம் அங்கே நீண்டது, கொடியது. 1960ஆம் ஆண்டில் அந்நகரத்து மக்கள் தொகை அறுபதினாயிரத்தைச் சற்றே கடந்திருந்தது. நியூ யோர்க், சிக்காகோ முதலிய மாநகரங்களின் அணிகளோடு இத்துணைச் சிறிய ஊரொன்றின் அணி சரிநிகராக நின்று போட்டியிடுவதே வியப்புக்குரிய செய்தியாம்.

இங்கே குறிக்கப்படும் உதைபந்தாட்டம் நேயர்கள் நன்கறிந்த ஆட்டம் அன்று. பெயர் அதுவாயினும், முறையில் அது றகர் ஆட்டத்துக்கே நெருங்கிய உறவினது. பந்து நீள்வட்ட வடிவினது. இரு பக்கத்திலும் பதினொருவர் ஆடுவர். இலக்குக் கோடுகள் இரண்டுக்கும் இடையே களத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். பந்துடன் எதிரணியின் இலக்குக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். குவாட்டர்பக் என்னும் வீரரே தாக்குதலை நடத்துவார். ஒவ்வொரு முயற்சியும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட திட்டப்படி நிகழும். பந்தைத் தொடாமலே ஆட்டம் முழுவதையும் ஆடி முடிப்போர் பலர். எதிரியை மறித்து, பந்துடன் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுதலே அவர்களின் பணி. பதினொருவரில் ஒருவர் தம் கடமையில் தவறினும் மற்றைப் பதின்மரின் உழைப்பும் வீணாகும்.

கிறீன் பே அணி 1919ஆம் ஆண்டிலே தோன்றியது. கேர்ளி லம்போ என்னும் இளைஞர், தாம் வேலை செய்த இறைச்சி பதனிடும் நிலையத்தாரிடம் 500 டொலர் பெற்று வீரர்களுக்குச் சட்டைகள் வாங்கினார். பதனிட்டுப் பொதி செய்வோர் என்னும் பொருள்படும் பக்கர்ஸ் என்ற பெயர் அவ்வாறு அமைந்தது. 1923ஆம் ஆண்டிலே பணமுடை நெருக்கியபோது ஊர் மக்களே பங்குகளை வாங்கிக் கழகத்தைத் தமதாக்கிக் கொண்டனர். அப்பங்குகளுக்கு இலாபம் கிடையாது. கழகம் தம் ஊரில் நிலைத்திருத்தலையே அவர்கள் ஆதாயமாகக் கருதினர். லம்போவின் பயிற்சியிலே அவ்வணி 1929 முதல் 1944 வரையுள்ள காலத்தில் ஆறு முறை சம்பியன் பட்டம் பெற்றது.

உயர்ந்த அணி பின்னர் தாழ்ந்தது. 1948 தொடக்கம் 1958 வரையான பதினொரு பருவங்களில் ஒன்றிலேனும் தோல்விகளை விஞ்சிய வெற்றிகளை அது பெறவில்லை. 1950இல் லம்போ விலகிச் சென்றார். அவருக்குப் பின் வந்த பயிற்றுநர்கள் ஒருவர்பின் ஒருவராக நீங்கினர். 1958ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய பன்னிரண்டு போட்டிகளுள் ஒன்றில் வெற்றி, ஒன்றில் சமநிலை, எஞ்சிய பத்திலும் தோல்வி. பால்ற்றிமோர் அணியோடு ஆடிய ஒரு போட்டியில் 56 புள்ளிகளை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, தான் ஒரு புள்ளியேனும் பெறாது திரும்பியது. அக்கழகத்தின் வரலாற்றிலேயே ஆகக் கீழான ஆண்டு அது.

போட்டிகளின் தோல்வியோடு நின்றிருப்பின் ஊரவர் பொறுத்திருப்பர். கழகமே ஊரைவிட்டு நீங்கிவிடும் என்ற அச்சம் அதனினும் பெரிதாக இருந்தது. அதே மாநிலத்தில் மில்வோக்கி என்னும் பெருநகரம் 1953இல் புதிய விளையாட்டரங்கொன்றைக் கட்டி முடித்திருந்தது. சிற்றூர்க் களத்தில் கிட்டும் வருமானம் போதாது என ஏனைய கழகத்தார் முணுமுணுத்தனர். இந்நிலையில் 1956இல் கிறீன் பே மக்கள் முன் ஒரு வினா வைக்கப்பட்டது. தோற்றுக் கொண்டிருக்கும் அணிக்குப் பொதுப்பணத்தில் புதிய அரங்கு கட்டலாமா? வாக்கெடுப்பில் மூவரில் இருவருக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். 1957இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில் முப்பத்தீராயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். அணியின் மறுமலர்ச்சிக்கு முதலில் முதலீடு செய்தவர் அந்த ஊர் மக்களே எனலாம்.

அணி ஏன் தோற்றது? வீரர்களிடம் திறமை இல்லை என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. ஜக் வைனிசி என்னும் இளைஞர் 1950 முதல் அக்கழகத்தில் வீரர் தேர்வுப் பொறுப்பைக் கவனித்து வந்தார். நாடெங்கணும் உள்ள கல்லூரிப் பயிற்றுநர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, ஆயிரக்கணக்கான மாணவ வீரரின் உயரம், நிறை, வேகம், இயல்பு முதலியவற்றைக் குறிப்பேடுகளில் பதிந்து வைத்தார். அந்நாட்டுத் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தில் 1936 தொடக்கம் ஒரு விதி உண்டு. கல்லூரி நீங்கிவரும் புதிய வீரரைத் தெரிவு செய்யும்போது, முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிக்கே முன்னுரிமை. ஆகவே தோல்வியும் ஒருவகையில் முதலாகும். அம்முதலைப் பயன்படுத்தும் அறிவு வேண்டும். வைனிசிக்கு அது இருந்தது. 1956இல் பார்ட் ஸ்ரார், பொறெஸ்ற் கிறெக். 1957இல் போல் ஹோர்னங். 1958இல் ஜிம் ரெய்லர், றே நிற்ச்கி, ஜெறி கிறேமர். பின்னாளில் புகழ்பெற்ற இவர்கள் அனைவரும் தோல்வியில் மூழ்கிய அந்த ஆண்டுகளிலேயே கழகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்.

விதை நல்லது, நிலமும் உண்டு, உழுபவர்தாம் இல்லை. கழகத்தை நடத்திய செயற்குழுவில் ஊர்ப் பிரமுகர் பலர் இருந்தனர். போட்டி முடிந்ததும் பயிற்றுநரை அழைத்து, இவரை ஏன் ஆடவிட்டீர், அவரை ஏன் நிறுத்தினீர் என விசாரித்தனர். பயிற்றுநரின் சொல்லே இறுதிச் சொல் அன்று என்பதை வீரர்களும் அறிந்துகொண்டனர். இத்தகைய இடத்தில் கட்டுப்பாடு எவ்வாறு நிலைக்கும்?

1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அழைக்கப்பட்டவர் வின்ஸ் லொம்பார்டி. நியூ யோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் 1913இல் பிறந்தவர், இத்தாலியக் குடிவழியினர். போர்டம் பல்கலைக்கழகத்தில் ஆடியபின், நியூ ஜேர்சி மாநிலத்துக் கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் எட்டு ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். அங்கே பௌதிகமும் இரசாயனமும் இலத்தீனும் கற்பித்தார். மாலையில் மாணவரைப் பயிற்றினார். பின்னர் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிலும் நியூ யோர்க் ஜயன்ற்ஸ் அணியிலும் துணைப் பயிற்றுநராகப் பணிபுரிந்தார். வயது நாற்பத்தைந்து ஆகியும் தொழில்முறை அணியொன்றின் தலைமைப் பயிற்றுநர் பதவி அவருக்குக் கிட்டியதில்லை. அவரை அழைக்குமாறு வற்புறுத்தியவர்களுள் வைனிசியும் ஒருவர்.

லொம்பார்டி ஒரு நிபந்தனை விதித்தார். பயிற்றுநர் பதவியும் பொது முகாமையாளர் பதவியும் ஒருங்கே தமக்கு வேண்டும். ஆட்டம் பற்றிய முடிவுகளில் செயற்குழு தலையிடலாகாது. குழுவினர் இசைந்தனர். செயலுக்குரியவனை ஆராய்ந்து தேர்ந்தபின், அச்செயலை அவன் பொறுப்பிலேயே விட்டுவிடுதல் முறை என்பது நம் நீதி நூலோரும் வலியுறுத்தும் நெறியன்றோ! தம் அதிகாரத்தைத் தாமே குறைத்துக் கொள்ள அப்பிரமுகர்கள் முன்வந்ததும் பாராட்டத்தக்கதே.

புதியவர் முதலிற் செய்தது யாரையும் நீக்குதல் அன்று. முந்திய பருவத்துப் போட்டிகளின் திரைப்படச் சுருள்களை வரவழைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு முயற்சியிலும் என்ன செய்தார் என்பதைக் குறித்துக்கொண்டார். கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த விருதைப் பெற்று வந்த ஹோர்னங் இரண்டு ஆண்டுகளாக இன்ன இடம் என்றில்லாது அங்குமிங்கும் மாற்றப்பட்டு மனம் சலித்திருந்தார். அவரைப் பந்துடன் ஓடும் ஹாப்பக் இடத்தில் லொம்பார்டி நிலையாக நிறுத்தினார். அதே ஹோர்னங் 1960ஆம் ஆண்டில் பன்னிரண்டு போட்டிகளில் 176 புள்ளிகள் பெற்றார். அச்சாதனை 2006 வரை முறியடிக்கப்படவில்லை. பதினேழாம் சுற்றில், இருநூறாவது ஆளாகத் தெரிவு செய்யப்பட்ட ஸ்ரார், அமைதியானவர். தலைமை தாங்கத் தக்கவரல்லர் என்று கருதப்பட்டவர். அவரிடம் ஆட்டத்தைக் கற்கும் கூர்மை இருப்பதைப் பயிற்றுநர் படிப்படியாகக் கண்டுகொண்டார்.

குறையிருந்த இடங்களுக்கு மட்டும் வெளியாட்கள் கொண்டுவரப்பட்டனர். அணியின் புகழ்மிக்க வீரராயிருந்த பில்லி ஹவ்ரன் கிளீவ்லாந்து அணிக்குக் கொடுக்கப்பட்டார். பதிலாக இருவர் பெறப்பட்டனர். ஹென்றி ஜோர்டன், வில்லி டேவிஸ் ஆகியோரும் கிளீவ்லாந்திலிருந்தே வந்தனர். அங்கே பெரிதாக மதிக்கப்படாத அவ்விருவரும் கிறீன் பேயின் தற்காப்புக்குத் தூண்களாயினர்.

அடுத்தது பயிற்சி. ஆசிரியத் தொழிலில் ஊறிய லொம்பார்டி, ஆட்டத்தையும் பாடமாகவே நடத்தினார். வகுப்பிலே பின்தங்கிய மாணவனும் விளங்கிக்கொள்ளும்வரை ஒன்றையே பலமுறை கூறுதல் அவர் வழக்கம். குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாக வருதலே நேரத்துக்கு வருதல் எனக் கொள்ளப்பட்டது. பிந்தி வந்தவர் தண்டம் செலுத்தினர். பயிற்சி நேரமோ நீண்டதன்று; ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. அந்நேரத்தில் ஒரு கணமும் வீணாகாது.

அவர் கற்பித்த திட்டங்கள் எண்ணிக்கையிற் சிலவே. அவற்றுள் தலையாயது, பக்கவாட்டில் வீச்சாக ஓடும் ஒரு தாக்குதல். கார்ட் எனப்படும் வீரர் இருவர் தம் இடம்விட்டு விலகி, பக்கவாட்டில் ஓடி, எதிரிகளைச் சாய்த்து வழி திறப்பர். ஹோர்னங் பந்துடன் அவர்களைத் தொடர்வார். கிறேமர், தேர்ஸ்ரன் ஆகிய அவ்விரு கார்ட் வீரரும் அதனாற் புகழ் பெற்றனர். இத்தாக்குதல் வரும் என்பதை எதிரணியினர் நன்கறிவர். அறிந்திருந்தும் தடுக்க முடியவில்லை. ஒவ்வொரு வீரரும், எதிரி இவ்வாறு நின்றால் தாம் என்ன செய்தல் வேண்டும், வேறுவாறு நின்றால் என்ன செய்தல் வேண்டும் என்பதை நூற்றுக்கணக்கான முறை பழகியிருந்தமையே காரணம். புதுமைகளால் எதிரியை மயக்குவதிலும், ஒன்றைப் பிழையறச் செய்து முடிப்பதிலேயே அவர் நம்பிக்கை வைத்தார்.

இங்கே குறிப்பிடத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அக்காலத்து அமெரிக்காவில் கறுப்பினத்தவர்க்கு எதிரான பாகுபாடு பல இடங்களில் வெளிப்படையாகவே நிலவியது. தம் வீரர்களுள் எவருக்கேனும் நிறம் காரணமாக இடமளிக்க மறுக்கும் விடுதிக்கு அணியில் எவருமே செல்லலாகாது என லொம்பார்டி கட்டளையிட்டார். இத்தாலிய வழியினர் என்பதால் இழிசொற் கேட்டு வளர்ந்தவர் அவர். எம்லன் ரனெல், வில்லி டேவிஸ், வில்லி வூட், ஹேர்ப் அடர்லி முதலிய கறுப்பின வீரர்கள் அவ்வணியின் வெற்றியில் பெரும்பங்கு கொண்டனர்.

1959 செப்ரெம்பர் 27ஆம் நாள் புதிய பருவம் தொடங்கியது. முதற் போட்டி நெடுநாட் பகையான சிக்காகோ அணியோடு. ஆட்டத்தின் பிற்பகுதிவரை பின்னின்ற கிறீன் பே, இறுதியில் ஒன்பதுக்கு ஆறு என வென்றது. வீரர்கள் பயிற்றுநரைத் தோளிற் சுமந்து சென்றனர். அடுத்த இரண்டு போட்டிகளும் வெற்றி. பின்னர் தொடர்ந்து ஐந்து தோல்விகள்! பழைய கதை திரும்பிவிட்டது என்றே பலர் நினைத்திருப்பர். லொம்பார்டி தம் முறையை மாற்றவில்லை. ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு ஸ்ராரிடம் வந்தது; எஞ்சிய நான்கு போட்டிகளிலும் அணி வென்றது. ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் கிறீன் பே கண்ட முதல் வெற்றிப் பருவம் அது. ஐந்து தோல்விகளின் பின்னும் பாதை மாறாமையே அப்பருவத்தின் உண்மையான வெற்றி எனலாம்.

1960இல் அணி மேற்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. அம்முதலிடத்தைக் காண வைனிசிக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில், முப்பத்து மூன்றாம் வயதில், இதயநோயால் அவர் காலமானார். விதைத்தவர் ஒருவர், விளைவைக் கண்டவர் வேறொருவர். டிசெம்பரில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் பிலடெல்பியா அணி 17க்கு 13 என வென்றது. இலக்குக் கோட்டுக்குச் சுமார் பத்து யார் தூரத்தில் ஜிம் ரெய்லர் வீழ்த்தப்பட்டபோது நேரம் முடிந்துவிட்டது. அடுத்த கோடையில் பயிற்சிக்குக் கூடிய வீரர் முன், லொம்பார்டி பந்தொன்றைக் கையில் எடுத்து, இதுதான் பந்து என அரிச்சுவடியிலிருந்தே தொடங்கினார் என்பர். அப்பருவத்தின் இறுதிப் போட்டி கிறீன் பே மண்ணிலேயே நிகழ்ந்தது. நியூ யோர்க் அணி ஒரு புள்ளியும் பெறாது, 37 புள்ளிகளால் தோற்றது. மூன்று ஆண்டுகளின் முன் எல்லாரினும் கீழே கிடந்த அணி சம்பியன் ஆயிற்று.

1962, 1965, 1966, 1967 ஆகிய பருவங்களிலும் பட்டம் கிறீன் பேக்கே உரித்தாயிற்று. 1967ஆம் ஆண்டின் கடைசி நாளில், பூச்சியத்துக்குக் கீழ் 25 சதமபாகைக் குளிரில், உறைந்த தரையிலே டலஸ் அணியோடு ஆடிய போட்டியை அந்நாட்டு மக்கள் இன்றும் பேசுவர். பதினாறு வினாடிகள் எஞ்சியிருந்தன. பந்து கோட்டுக்கு ஓரடி ஈரடித் தூரத்தில் கிடந்தது. ஸ்ரார் பந்தை எவரிடமும் கொடாது, கிறேமர் முதலானோர் திறந்த சிறு இடைவெளியில் தாமே பாய்ந்து கோட்டைக் கடந்தார். பத்தாண்டுகளின் முன் தலைமைக்கு ஆகார் எனப்பட்டவர் அவர்!

இவையெல்லாம் ஒருவருடைய ஆற்றலால் மட்டும் விளைந்தன என்றல் பொருந்தாது. அணிகள் அனைத்தும் ஒருங்கு சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்பதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிசெய்தது. அவ்வருவாயை மாநகர் சிற்றூர் என்ற வேறுபாடின்றிச் சமமாகப் பகிர்ந்துகொள்ள நியூ யோர்க், சிக்காகோ உரிமையாளர்களும் இசைந்தனர். அவ்வேற்பாடு இல்லையாயின் வெற்றி பெற்ற கிறீன் பேயும் நெடுநாள் தாக்குப்பிடித்திருக்க முடியாது. மேலும், லொம்பார்டியின் முறைக்கு ஒரு விலையும் இருந்தது. அவர் கடுஞ்சொல்லர், வீரர் பலர் அவரை மதித்தவாறே அஞ்சினர். ஓயாத உழைப்பினால் குடும்பத்தாரோடு செலவிட்ட பொழுதும் குறைந்தது. 1968இன் தொடக்கத்தில், களைப்புற்று, பயிற்றுநர் பதவியை விட்டு நீங்கினார். 1970 செப்ரெம்பர் 3ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில், புற்றுநோயினாற் காலமானார். சுப்பர் போல் எனப்படும் இறுதிப் போட்டியில் வெல்லும் அணிக்கு வழங்கப்படும் விருது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவர் நீங்கியபின் அணி மீண்டும் தளர்ந்தது. 1974இல், உடனடி வெற்றியை விரும்பி, முப்பத்து நான்கு வயதான குவாட்டர்பக் ஒருவரைப் பெறுவதற்காக, வருங்காலப் புதிய வீரர் தெரிவில் தனக்குரிய ஐந்து இடங்களைக் கழகம் விட்டுக்கொடுத்தது. விதை நெல்லை விற்று விருந்துண்ட கதை அது. அவ்வீரர் இரண்டாம் பருவத்தோடு நீங்கினார். இழந்த இளைஞர்களோ திரும்பக் கிடைக்கவில்லை. 1968 தொடக்கம் 1991 வரையான இருபத்து நான்கு பருவங்களில் இரண்டே முறைதான் அவ்வணி பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. பின்னர் 1991இன் இறுதியில், கழகத் தலைவர் பொப் ஹார்லன், றொன் வூல்ப் என்பவரை அழைத்து, ஆட்டம் பற்றிய அதிகாரம் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். வூல்ப் தக்க பயிற்றுநரைத் தேர்ந்தார். அற்லாந்தா அணியில் வாய்ப்பின்றி இருந்த பிறெற் பார்வ் என்னும் இளம் வீரரைக் கொணர்ந்தார். ஐந்தாவது பருவத்தின் முடிவில், 1997 ஜனவரியில், கிறீன் பே மீண்டும் பட்டம் வென்றது. முப்பது ஆண்டுகளின் முன் பயன்பட்ட மருந்தே மறுமுறையும் நோயைத் தீர்த்தது.

ஆகவே, வீழ்ந்த குழுவொன்றை எழுப்ப முனைவோர் முதலில் தம்மிடம் ஏற்கெனவே உள்ளதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரிய இடம் கிடையாமையாற் சோர்ந்திருக்கும் ஹோர்னங்குகளும், எவராலும் கவனிக்கப்படாத ஸ்ரார்களும் அங்கே இருத்தல் கூடும். அவர்களை இனங்கண்டு இடமறிந்து நிறுத்தும் ஒருவரிடம் பொறுப்பையும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும். ஐந்து தோல்வி அடுத்தடுத்து வரினும் அவர் செய்யும் வேலைக்குக் காலம் கொடுத்தல் வேண்டும். கிறீன் பே மக்கள் இவையனைத்தையும் செய்தனர். 1960 தொடக்கம் அவ்வூர் அரங்கின் பருவகால நுழைவுச் சீட்டுகள் ஆண்டுதோறும் முற்றாக விற்றுத் தீர்கின்றன. இலாபம் தராத அப்பங்குகளை வாங்கி வைத்திருப்போர் இன்று ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர். தோல்விக் காலத்தில் வாக்களித்துக் கட்டிய அதே அரங்கிலே, லம்போவின் பெயர் தாங்கிய அதே களத்திலே, அணி இன்றும் ஆடிக்கொண்டிருக்கின்றது.